ஏற்காட்டு வீட்டில் பழைய ஸ்பா தொட்டி ஒழுகுது: சரி பண்றதா, உடைச்சுப் போடறதா?

நாகலூர்_வாசி | ஜனவரி 19

வணக்கம். போன வருஷம் நாகலூர் ரோட்டுல ஒரு பழைய வீடு வாங்கினோம். ரெண்டு ஏக்கர் காபி, நிழலுக்கு சில்வர் ஓக், அதுல ஏத்தின மிளகு. வீட்டோட ஒட்டிக்கிட்டு வந்த சீதனம் ஒண்ணு இருக்கு, பின்வாசல்ல ஒரு ஸ்பா தொட்டி. இங்க எல்லாரும் ஜக்குஸின்னுதான் சொல்றாங்க. பழைய ஓனர் அமெரிக்காவுல இருந்து திரும்பும்போது கன்டெய்னர்ல ஏத்திட்டு வந்தாராம். ஏழடிக்கு ஏழடி, அக்ரிலிக் ஓடு, சுத்தி மரச்சட்டம், ஆறு பேர் உக்காரலாம். 1,500 லிட்டர் பிடிக்கும்.

பிரச்சினை என்னன்னா, சாயங்காலம் நிரப்பிட்டு மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓட்டினா, காலையில நாலு இஞ்ச் இறங்கிடுது. மலையில ஒரு பிளம்பரைக் கூப்பிட்டுக் காட்டினேன். தொட்டியைச் சுத்தி நடந்தார், ரெண்டு தட்டு தட்டினார், "மொத்தமா அறுத்து எடுத்து புதுசா பைப் போடணும், அறுபதாயிரம் ஆகும்"னுட்டார். அறுபதாயிரத்துக்கு நான் ஒரு வருஷம் ரிசார்ட்டுக்கே போய் உக்காந்துட்டு வரலாம்.

ஆனா அம்மாவுக்கு முட்டி வலி. வெந்நீர்ல உக்காந்தா நல்லாருக்கும்னு அவங்க ஆசைப்படறாங்க. இந்த வேலை தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?

இருபதாவது_வளைவு | ஜனவரி 19

உடைச்சிடாதீங்க பாஸ். எனக்குக் குடுத்துடுங்க. சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல எங்க வீட்டு மொட்டை மாடியில வச்சு, சேர்வராயன் மலையைப் பாத்துக்கிட்டே குளிக்கிறேன்.

சென்ட்ரிங்_மேஸ்திரி | ஜனவரி 19

@இருபதாவது_வளைவு விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாதீங்க தம்பி, நிஜமாவே செய்யற ஆளுங்க இருக்காங்க. தண்ணி 1,500 கிலோ, தொட்டி ஒரு முந்நூறு கிலோ, ஆறு பேர் ஏறினா இன்னொரு நானூறு. 2.2 டன்னு நாலரை சதுர மீட்டர்ல உக்காருது. ஒரு சதுர மீட்டருக்கு 490 கிலோ. ஆள் நடமாடற மொட்டை மாடிக்கு ஐஎஸ் 875 (கட்டடப் பாரத்துக்கான இந்தியத் தரம்) சொல்ற பாரம் 150 கிலோ சுமார்தான். மூணு மடங்குக்கும் மேல. கீழே தூங்கறவங்க கதி என்ன ஆகறது?

நாகலூர் தம்பி, உங்க தொட்டி எது மேல உக்காந்திருக்கு? கான்கிரீட் தளமா, வெறும் மண்ணா? மண்ணா இருந்தா ஒழுகற தண்ணி அடியை அரிச்சு ஒரு பக்கம் சாய்ச்சிடும்.

நாகலூர்_வாசி | ஜனவரி 19

கான்கிரீட் தளம்தாங்க. மட்டம் வச்சுப் பாத்தேன், சாயல.

செவ்வாப்பேட்டை_ஹார்டுவேர் | ஜனவரி 20

அறுக்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் பொறுங்க. ஓட்டை எங்க இருக்குன்னு தண்ணியே காட்டிக் குடுத்துடும். முப்பது வருஷமா பைப்பு, பம்பு விக்கறேன், பில் போட்டு வித்ததுல பாதி தேவையே இல்லாத சாமான்.

முதல்ல உண்மையிலேயே ஒழுகுதான்னு பாருங்க. ஒரு பக்கெட்ல தொட்டித் தண்ணியை மொண்டு, தொட்டிக்குள்ள இருக்கற படியிலேயே வைங்க. பக்கெட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் தண்ணி மட்டத்துல கோடு போடுங்க. ஒரு நாள் கழிச்சு ரெண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தா அது வெயில் குடிச்சது. தொட்டி மட்டும் அதிகமா இறங்கியிருந்தா ஒழுக்கு. உங்களுக்கு நாலு இஞ்சுங்கறதால சந்தேகமே இல்லை, இருந்தாலும் பண்ணிடுங்க.

அடுத்து, மோட்டாரை ஒரு நாள் முழுக்க நிறுத்தி வச்சுப் பாருங்க, அப்புறம் ஒரு நாள் ஓட்டிப் பாருங்க. ஓடும்போது அதிகமா இறங்கினா, பம்புக்கு அப்புறம் ஜெட்டுக்கு (தண்ணி பீச்சற துளை) போற அழுத்தப் பக்கம்தான் ஒழுகுது. நின்னாலும் ஓடினாலும் ஒரே மாதிரின்னா அக்ரிலிக் ஓடு, லைட்டு, அடியில இருக்கற வடிகால், இந்த மூணுல ஒண்ணு.

கடைசியா முக்கியமானது. மோட்டாரை நிறுத்திட்டு அப்படியே விடுங்க, மறுபடி நிரப்பாதீங்க. இறங்கி இறங்கி ஒரு இடத்துல தண்ணி நிக்கும். எந்த மட்டத்துல நிக்குதோ ஓட்டையும் அந்த மட்டத்துலதான். டேப் வச்சு அளந்து, வெளிப்பக்கம் பலகையைக் கழட்டி அதே உயரத்துல தேடுங்க.

லைட்டு, ஜெட்டு மேல சந்தேகம் வந்தா கேசரிப் பவுடரைக் கொஞ்சம் தண்ணியில கரைச்சு, இங்க் ஃபில்லர்ல எடுத்து, அந்த இடத்துக்குப் பக்கத்துல மெதுவா விடுங்க. தண்ணி அசையக் கூடாது. கலர் மேகம் மாதிரி நிக்காம நூல் மாதிரி உள்ள இழுத்துட்டுப் போனா அதான் ஓட்டை.

அம்மாபேட்டை_அக்கா | ஜனவரி 20

கேசரிப் பவுடர் யோசனை பிரமாதம். மீதியைக் கேசரிக்கு வச்சுக்குங்க.

ஒரு விஷயம் தம்பி. இந்தச் சோதனை எல்லாம் முடிஞ்சதும் பாதித் தண்ணியோட மூடி வச்சிடாதீங்க. டெங்கு கொசு இந்த மாதிரி நல்ல தண்ணியிலதான் முட்டை போடும், அதுவும் தண்ணி ஓரத்துச் சுவத்துல ஒட்டி. காஞ்சு போனாலும் பல மாசம் செத்துப் போகாது, மறுபடி தண்ணி ஏறினதும் பொரிச்சிடும். வடிச்சா உள் சுவத்தைத் தேய்ச்சுக் கழுவுங்க. எங்க தெருவுல ஒரு உடைஞ்ச கிரைண்டர் டிரம்மாலயே நாலு வீட்டுல காய்ச்சல்.

நாகலூர்_வாசி | ஜனவரி 24

எல்லாம் பண்ணிட்டேன். பக்கெட்டுக்குள்ள அரை சென்டிமீட்டர்கூட இறங்கல. தொட்டியில மோட்டார் ஓடாம ஒரு நாளைக்கு ஒரு இஞ்ச், ஓட்டினா நாலு. அப்படியே விட்டதுல அடியில இருந்து 41 சென்டிமீட்டர்ல நின்னுடுச்சு. அதுக்கப்புறம் நகரல.

நாலு சதுர மீட்டர் பரப்புன்னு வச்சா ஒரு சென்டிமீட்டருக்கு 40 லிட்டர். நாலு இஞ்ச்னா 400 லிட்டர். தினம் 400 லிட்டரை மரவள்ளிக்குப் பாய்ச்சியிருந்தாகூட ஏதாவது கிடைச்சிருக்கும்.

இதுக்கு நடுவுல வேற கூத்து. முந்தாநாள் ராத்திரி காட்டெருமை ஒண்ணு காபிக்குள்ள இருந்து இறங்கி வந்து தொட்டியில தண்ணி குடிச்சிட்டுப் போயிருக்கு. மரச்சட்டத்துல ஒரு பக்கம் முறிஞ்சு கிடக்கு. அதனால பலகை கழட்டற வேலை பாதி மிச்சம்.

எர்த்_ஒயர் | ஜனவரி 24

தண்ணியைப் பத்தி எல்லாரும் பேசறீங்க, கரண்டைப் பத்தி யாரும் கேக்கல. இது எந்த லைன்ல ஓடுது? ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற சுவிட்ச்) இருக்கா? மோட்டார், ஹீட்டர் ரெண்டோட நேம் பிளேட்டையும் படிச்சு எழுதுங்க. பலகைக்குள்ள கை விடறதுக்கு முன்னாடி மெயினை இறக்கிடுங்க. சுவிட்சை மட்டும் நிறுத்தினாப் போதாது.

நாகலூர்_வாசி | ஜனவரி 25

மோட்டார்ல 230 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 3,450 ஆர்பிஎம். ஹீட்டர்ல 5.5 கிலோவாட், 240 வோல்ட். சமையல்கட்டுக்குப் பின்னாடி இருக்கற 16 ஆம்பியர் பிளக்ல மாட்டியிருக்கு. ஆர்சிசிபி இல்லை. எம்சிபிதான் (கரண்ட் அதிகமானா விழற சுவிட்ச்).

எர்த்_ஒயர் | ஜனவரி 25

அய்யோ. அந்தப் பிளக்கை இப்பவே கழட்டுங்க, மீதியை அப்புறம் படிங்க.

கழட்டிட்டீங்களா? சரி. 5.5 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்ல ஏறக்குறைய 5 கிலோவாட் இழுக்கும், 22 ஆம்பியர். அதை 16 ஆம்பியர் பிளக்ல மாட்டினது யாரோ தெரியல, பிளக் கருகியிருக்கும், எடுத்துப் பாருங்க. எம்சிபி ஒயரைக் காப்பாத்தும், ஆளைக் காப்பாத்தாது. தண்ணிக்குள்ள மனுஷன் உக்கார்ற சாமானுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாம சுவிட்சைத் தொடக் கூடாது. எர்த் தனியா அடிச்சு, அது வேலை செய்யுதான்னு அளந்தும் பாக்கணும். சும்மா பச்சை ஒயர் தொங்குதுன்னா அது எர்த் இல்லை.

60 ஹெர்ட்ஸ் விஷயமும் சின்னது இல்லை. ஹீட்டர் வெறும் காயில், அதுக்கு ஹெர்ட்ஸ் பத்திக் கவலை இல்லை. மோட்டாருக்கு உண்டு. நம்ம 50 ஹெர்ட்ஸ்ல அது 2,900 சுத்துக்குக் கீழதான் சுத்தும். தண்ணி தள்ற வேகமும் குறையும், மோட்டாரும் அதிகமா சூடாகும். உங்க பம்புல வாட்டர் சீலும் (மோட்டார் தண்டு வழியா தண்ணி கசியாமத் தடுக்கற வளையம்) போயிருந்தா எனக்கு ஆச்சரியம் இருக்காது. பம்புக்கு அடியில துருக் கறையோ வெள்ளைப் பூப்போ இருக்கா பாருங்க.

நாகலூர்_வாசி | ஜனவரி 26

பிளக் கருகித்தான் இருக்கு. படம் போட வெக்கமா இருக்கு. அம்மாவை அதுல உக்கார வைக்கப் பாத்தேனே.

நாகலூர்_வாசி | பிப்ரவரி 1

பலகை கழட்டியாச்சு. உள்ள பைப்பு எல்லாத்தையும் சுத்தி மஞ்சள் ஃபோம் ஊத்தியிருக்காங்க, சூடு போகாம இருக்க. பாதி ஃபோம் ஸ்பாஞ்சு மாதிரி தண்ணி குடிச்சுக் கிடக்கு. மீதிப் பாதியில எலி வளை. காபிச் சருகு, பிளாஸ்டிக் கவர், பழைய ஓனரோட ஒரு சாக்ஸ். மூணு சாக்கு ஃபோமைக் கத்தியில அறுத்து எடுத்தேன்.

41 சென்டிமீட்டர் உயரத்துல, ஹார்டுவேர் அண்ணன் சொன்ன மாதிரியே, ஒரு இணைப்பு. வெள்ளைப் பைப்புல சாம்பல் கலர் கப்ளிங் போட்டிருக்கு. சுத்தி எபாக்ஸியை உருண்டை உருண்டையா அப்பியிருக்காங்க. மோட்டார் போட்டா அதுக்கு நடுவுல இருந்து பீச்சுது.

செவ்வாப்பேட்டை_ஹார்டுவேர் | பிப்ரவரி 1

ஹா! அதைத்தான் எதிர்பாத்தேன். வெள்ளைப் பைப்பு வெளி விட்டம் எவ்வளவு? வெர்னியர் இல்லைன்னா ஒரு நூலைச் சுத்தி அளந்து 3.14-ஆல வகுங்க.

நாகலூர்_வாசி | பிப்ரவரி 2

நூல் 18.9 சென்டிமீட்டர். அப்படின்னா 60 மில்லிமீட்டர் சுமார்.

செவ்வாப்பேட்டை_ஹார்டுவேர் | பிப்ரவரி 2

60.3. அமெரிக்கா ரெண்டு இஞ்ச் பைப்போட வெளி விட்டம் அது. நம்ம ஊர்ல தோட்டத்துக்குப் போடற சாம்பல் பிவிசியை ரெண்டு இஞ்ச்சுன்னு கேட்டா கடையில 63 எடுத்துக் குடுப்பாங்க. வாய்ல ரெண்டும் ரெண்டு இஞ்ச்தான், அளவுல 2.7 மில்லிமீட்டர் வித்தியாசம். சொல்யூஷன்கறது பசை இல்லைங்க. ரெண்டு பிளாஸ்டிக் முகத்தையும் இளக்கி ஒண்ணாக்கற திரவம். முகம் முகத்தைத் தொடலைன்னா எத்தனை டப்பா ஊத்தினாலும் ஒட்டாது. எவனோ 63 கப்ளிங்கைத் திணிச்சு, இடைவெளியை எபாக்ஸியால அடைச்சிருக்கான். பம்பு அழுத்தமும் சூடும் சேர்ந்தா அது எத்தனை நாளைக்கு நிக்கும்?

வீட்டு பிளம்பிங்குக்கு வர்ற வெள்ளை யுபிவிசி, ஏஎஸ்டிஎம் (அமெரிக்கத் தர) அளவுன்னு பைப்பு மேலயே அச்சடிச்சிருக்கும், அதுல ரெண்டு இஞ்ச் சரியா 60.3. அதுல கப்ளிங் ரெண்டு, ஒரு அடி பைப்பு, ஒரு யூனியன் (கழட்டி மாட்டற இணைப்பு) வாங்குங்க. வெந்நீர்னு சொன்னா கடைக்காரர் சிபிவிசியை நீட்டுவார். வேண்டாம். அந்த ரெண்டு இஞ்ச் 54 மில்லிமீட்டர்தான், உங்களுக்குச் சேராது. 40 டிகிரித் தண்ணிக்கு யுபிவிசியே தாராளம்.

பழைய பைப்பை நேரா அறுங்க, பிசிறு எடுங்க, ஈரம் ஒரு சொட்டு இருக்கக் கூடாது. சொல்யூஷன் போட்டு உள்ள தள்ளி, கால் திருப்பு திருப்பி, அரை நிமிஷம் பிடிச்சுக்குங்க. ஒரு நாள் விட்டுட்டுத் தண்ணி விடுங்க. ஏற்காட்டுக் குளிர்ல நான் ரெண்டு நாள் விடுவேன்.

நாகலூர்_வாசி | பிப்ரவரி 9

நின்னுடுச்சு!! மூணு நாளா ஒரு கோடுகூட இறங்கல. சாமான் 1,140 ரூபாய், சேலம் போய் வந்த பஸ் செலவு தனி. அறுபதாயிரம் கேட்டவர்கிட்ட சொன்னேன், "அதிர்ஷ்டம்"னார்.

பம்பு அடியில துருக் கறை இருக்கு, சொட்டுது. வாட்டர் சீல் மாத்தணும். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. இதைச் சூடு பண்ண எவ்வளவு கரண்ட் ஆகும்?

எர்த்_ஒயர் | பிப்ரவரி 9

கணக்கு சுலபம். இப்ப உங்க தண்ணி 18 டிகிரி இருக்கும். 38 ஆக்கணும், 20 டிகிரி ஏத்தணும். 1,500 லிட்டருக்கு 35 யூனிட். அது பச்சைத் தண்ணியில இருந்து ஒரு தடவை சூடேத்த மட்டும். 5 கிலோவாட்ல ஏழு மணி நேரம். சாயங்காலம் உங்க பக்கம் வோல்டேஜ் 190-க்கு இறங்கினா ஹீட்டர் மூணரை கிலோவாட்தான் குடுக்கும், பத்து மணி நேரம். அப்புறம் சூடு இறங்காமப் பிடிச்சு வைக்க தினம் கொஞ்சம். ஃபோமை வேற அறுத்து எறிஞ்சிட்டீங்க. ரெண்டு மாசத்துல 500 யூனிட் தாண்டினா ஸ்லாப் (கட்டணப் படி) மாறி பில் எகிறும், தெரியுமில்ல?

பண்றதுன்னா தனி லைன், 32 ஆம்பியர் ஐசொலேட்டர் (லைனை முழுசா துண்டிக்கற சுவிட்ச்), ஆர்சிசிபி, எர்த், 50 ஹெர்ட்ஸ் பம்பு. உங்க 1,140 ரூபாய் சந்தோஷம் இதுல கரைஞ்சிடும்.

இருபதாவது_வளைவு | பிப்ரவரி 10

ஏங்க, மலையில எல்லார் வீட்டுலயும் செம்பு பாய்லர் இருக்கே. சில்வர் ஓக் கழிச்ச கிளையைப் போட்டு எரிச்சு, ஊத்த வேண்டியதுதானே?

அம்மாபேட்டை_அக்கா | பிப்ரவரி 10

நான் எட்டாங்கிளாஸ் கணக்கு டீச்சர். 90 டிகிரித் தண்ணியை 18 டிகிரித் தண்ணியோட கலந்து 38 ஆக்கணும்னா 100-க்கு 28 பங்கு கொதிநீர் வேணும். 1,500-க்கு 417 லிட்டர். 20 லிட்டர் பாய்லர்ல 21 தடவை. இருபத்தியோராவது ஊத்தும்போது முதல் தடவை ஊத்தினது ஆறிப் போயிருக்கும். பரீட்சையில கேக்கலாம்போல இருக்கு.

தம்பி, அம்மாவுக்கு வயசு என்ன? பிரஷர் மாத்திரை சாப்பிடறாங்களா? அப்படின்னா கழுத்தளவு வெந்நீர்ல உக்கார்றதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேளுங்க, சட்டுனு எந்திரிச்சா தலை சுத்தும். முட்டிக்கு ஒரு வாளி வெந்நீர் போதும்.

நாகலூர்_வாசி | பிப்ரவரி 11

71. மாத்திரை சாப்பிடறாங்க.

ராத்திரி பூரா யோசிச்சேன். ஏப்ரல், மே ரெண்டு மாசம் எங்க கிணறு அடியைத் தொட்டுடும், லாரித் தண்ணி வாங்கறோம். அந்த நேரத்துல 1,500 லிட்டரை உக்கார்றதுக்குன்னு வைக்க மனசு வரல. குளோரின், பிஎச்னு வாரா வாரம் பாக்கவும் நான் இங்க நிரந்தரமா இல்லை, பாதி நாள் சேலத்துல. பாக்காம விட்டா வெதுவெதுப்பான தண்ணியில கிருமி பெருகும்ங்கறாங்க.

ஒழுக்கை நிறுத்தினதுக்கு அப்புறம்தான் இந்தத் தொட்டி எனக்கு வேண்டாம்னு தெரியுது. இதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

மிளகுக்கொடி | பிப்ரவரி 11

இத்தனை நாள் படிச்சிட்டுதான் இருந்தேன். நான் மஞ்சக்குட்டை பக்கம். யாராவது காபி ஊற வைக்கச் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன், வேண்டாம். பழம் அரைச்சு கொழகொழப்பு போக ஊற வைக்க இந்த அளவு தொட்டி சரிதான். ஆனா ஜெட்டு பைப்புக்குள்ள பல வருஷ அழுக்கும் கெமிக்கலும் இருக்கு, கழுவ முடியாது. காபி எந்த நாத்தத்தையும் பிடிச்சுக்கும். ஒரு மூட்டை போனாலும் நஷ்டம்தான்.

உங்க தோப்புல மிளகு இருக்குன்னீங்க. இப்ப பிப்ரவரி. செடி அடியில ஓடற கொடியை வெட்டி நாத்து வைக்கற மாசம் இதுதான். மிளகு துண்டுக்கு வேர் பிடிக்க என்ன வேணும்? ஈரக் காத்து, நிழல், ராத்திரி குளிர் அடிக்காத இடம், அடியில தண்ணி நிக்காம வடிஞ்சு போகணும். நாங்க குழி வெட்டி மேல பாலித்தீன் ஷீட் போட்டு மூடுவோம். உங்க தொட்டி வெட்டி வச்ச குழிதானே? ஓட்டுக்குப் பின்னாடி மிச்சம் இருக்கற ஃபோம் குளிரைத் தடுக்கும். உக்கார்ற இருக்கை எல்லாம் படி படியா பை அடுக்கத் தோது. அடி வடிகாலைத் திறந்தே விடுங்க.

சென்ட்ரிங்_மேஸ்திரி | பிப்ரவரி 11

ஒழுக்கை அடைச்சவர்கிட்ட இப்ப ஓட்டை போடச் சொல்றீங்களே!

மிளகுக்கொடி | பிப்ரவரி 12

ஆமாங்க, ஒண்ணு போதாது, நாலு போடணும் 🙂 கால் வைக்கற குழியிலதான் தண்ணி தேங்கும், அங்க ட்ரில் பண்ணுங்க. தேங்கினா அழுகல் நோய் வந்து ஒரே வாரத்துல எல்லாம் கறுத்துடும்.

ரெண்டு மூணு கணு இருக்கற துண்டு. இலையை வெட்டிட்டு காம்பை விடுங்க. ரெண்டு பங்கு மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கின தொழு உரம். ஒரு கணுவாவது மண்ணுக்குள்ள இருக்கணும். மேல மூங்கிலை வளைச்சு பாலித்தீன், அதுக்கு மேல நிழல் வலை. உச்சி வெயில் நேரா பட்டா உள்ள வெந்து போயிடும், அதைப் பாத்துக்குங்க.

நாகலூர்_வாசி | பிப்ரவரி 23

ட்ரில் பண்ணும்போது கை நடுங்கிச்சு. ஒரு மாசம் ஓட்டையைத் தேடினவன் நான். 310 பை வச்சாச்சு. பாதி பன்னியூர்-1, பாதி என்ன ரகம்னு பழைய ஓனருக்குத்தான் வெளிச்சம்.

நாகலூர்_வாசி | ஏப்ரல் 14

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். கேட்டவங்களுக்காக: 310-ல 226 துளிர் விட்டிருக்கு. அழுகினதுல பெரும்பகுதி மூணாவது இருக்கையில வச்சது. அங்க இடுப்பு அழுந்தறதுக்குன்னு ஒரு பள்ளம் வச்சிருக்கான், அதுல தண்ணி நின்னது எனக்குத் தோணல. அஞ்சாவதா ஒரு ஓட்டை போட்டிருக்கேன். காட்டெருமைக்காக சுத்தி வேலி அடிச்சாச்சு, ஆனாலும் தினம் வந்து எட்டிப் பாத்துட்டுப் போகுது.

அம்மாவுக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் டப் வாங்கினேன். சாயங்காலம் பாய்லர்ல ஒரு தடவை காய்ச்சினாப் போதும், முட்டி வரைக்கும் விட்டுக்கிட்டு சீரியல் பாக்கறாங்க.

மிளகுக்கொடி | ஏப்ரல் 14

முதல் தடவைக்கு 226 நல்ல கணக்கு. ஜூன்ல மழை பிடிச்சதும் நடுங்க. மிச்சம் இருந்தா எனக்கு ஒரு ஐம்பது வேணும், காசு குடுத்துடறேன்.

இருபதாவது_வளைவு | ஏப்ரல் 15

பாஸ், அந்தப் பம்பு என்ன விலை?

எர்த்_ஒயர் | ஏப்ரல் 15

@இருபதாவது_வளைவு அது 60 ஹெர்ட்ஸ். மேல படிங்க.